சொட்டும் குழாயும் சாகும் வினைச்சொல்லும்

சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கவென்று வெளிவரும் படப்பொத்தகங்கள் பலவற்றில் வீட்டுச் சிக்கல்களைப் பற்றிய பக்கம் ஒன்று உண்டு. பக்கம் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அடியில் வைத்த குடம் நிறைந்து வழியும். மற்றொன்றில் ஏனங் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டு, அடுக்களையெங்கும் நீர் நிற்கும். இன்னொன்றில் வீடு இருளில் மூழ்கியிருக்க, தந்தையார் மெழுகுத்திரியும் கையுமாய் எரிந்துபோன உருகியைத் தேடுவார். பிறிதொன்றில் அவரே ஏணிமேல் நின்று, ஆணியை விட்டுவிட்டுத் தம் கட்டைவிரலைச் சுத்தியலால் அடித்துக்கொண்டு துள்ளுவார். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஆங்கிலச் சொற்றொடர் ஒன்று. குழந்தை படத்தைப் பார்த்துச் சிரிக்கும். சிரித்த வாயோடே சொல்லையும் விழுங்கிவிடும். இன்று அவ்வகை நகைப்படங்கள் கைப்பேசித் திரையிலும் அசைந்தாடி வருகின்றன. ஆதலால் பொத்தகம் வாங்க இயலாத வீட்டிலும் அவை நுழைந்துவிட்டன.

முறையைக் குறைகூறுதற்கில்லை. கண்ணாற் கண்ட பொருளும், நகையோடு கேட்ட சொல்லும் நெஞ்சைவிட்டு நீங்கா. தமிழ்ப்பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதும் குற்றமன்று. தச்சும் கணக்கும் கற்பதுபோல் அயன்மொழி ஒன்றையும் கற்கலாம். கற்றவர் கற்றுப் பயன்கொள்க. வழக்கு அதுவன்று. அப் பக்கத்தில் தமிழ்ச்சொல் ஒன்றுகூட இல்லையே, அது யாருக்காக, எந்தக் கரணியம்பற்றி அவ்வாறு வரையப்பட்டது, தமிழ் வீட்டில் அது செய்யும் வேலை யாது என்பதே வழக்கு.

படப்பாடம் பிறந்த கதை

படத்தைக் காட்டி மொழி கற்பிக்கும் முறை ஆங்கிலர் கண்டதன்று. மொரேவியாவிற் பிறந்த கொமேனியசு (1592–1670) என்னும் கல்வியறிஞர் 1658-ஆம் ஆண்டில் நூரம்பர்க்கு நகரில் ‘காட்சியுலகம்’ எனப் பொருள்படும் படநூலை வெளியிட்டார். வீடு, அடுக்களை, தச்சுப்பட்டறை, கொல்லனுலை என அன்றாட வாழ்வின் காட்சிகள் அதில் வரையப்பட்டன. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இடப்பட்டது. அந் நூல் இலத்தீனைக் கற்பிக்க எழுந்தது. அக்காலத்தில் இலத்தீன்தான் ஐரோப்பாவில் கற்றோர் மொழி; பதவிக்கும் பெருமைக்கும் வாயில். இற்றைத் தமிழ்நாட்டில் ஆங்கிலம் வீற்றிருக்கும் அதே இருக்கையில் அன்று இலத்தீன் வீற்றிருந்தது. ஆயினும், கொமேனியசு இலத்தீனைத் தனியே அச்சிடவில்லை. ஒரு பத்தியில் இலத்தீனும், அதன் பக்கத்திலேயே குழந்தையின் தாய்மொழியான செருமானியமும் நின்றன. பிள்ளை ஆறு அகவையிலிருந்து பன்னிரண்டு அகவை வரை தாய்மொழிப் பள்ளியிற் படித்தல் வேண்டும், இலத்தீன் அதன்பின் வரட்டும் என்பதே அவர் கொள்கை.

மறு ஆண்டே, 1659-இல், சார்லசு ஊல் என்னும் ஆசிரியர் அந் நூலை இலண்டனில் வெளியிட்டார். அவர் செய்த மாற்றம் யாது? செருமானியப் பத்தியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஆங்கிலத்தை வைத்தார். ஆங்கிலக் குழந்தை பிறமொழி கற்கும்போது தன்மொழி பக்கத்திலேயே நிற்றல் வேண்டும் என்பதை ஆங்கிலர் அன்றே உணர்ந்திருந்தனர்! தமக்கு வேண்டும் என்று அவர்கள் கொண்ட காவலைத் தமிழ்க் குழந்தைக்கு வேண்டாவென்று சொல்பவர் தமிழரே என்பதுதான் இரங்கத்தக்க செய்தி.

தாய்மொழிப் பத்தியை நீக்கிய படநூல் மிகப் பின்னர் வந்தது. 1930-இல் ஆக்டன் என்பார் 850 சொற்களே கொண்ட ‘அடிப்படை ஆங்கிலம்’ என்னும் சுருங்கிய மொழியை வகுத்தார். ஐ. ஏ. ரிச்சர்ட்சும் கிறித்தீன் கிப்சனும் அதைக் கொண்டு, கோட்டுருவங்களால் ஆங்கிலம் கற்பிக்கும் சிறுநூலை 1945-இல் வெளியிட்டனர். எந்த நாட்டினரும் தம் மொழியின் துணையின்றி, படத்தை மட்டும் பார்த்து ஆங்கிலம் கற்கலாம் என்பது அதன் நோக்கம். ஒரே நூலை உலகெங்கும் விற்கலாம் என்பது அதனால் விளைந்த ஏந்து. இற்றை நகைப்படப் பாடங்கள் கொமேனியசைப் பின்பற்றுவன அல்ல. இவ் வழியிற் பிறந்த பிள்ளைகளே.

யாருக்கான பாடம்?

வீட்டுச் சிக்கல்களைப் பற்றிய ஆங்கிலப் பாடம் உண்மையாகவே தேவைப்படுவோர் உளர். ஈழத்திலிருந்து இலண்டனுக்கும் தொரந்தோவுக்கும் சென்று குடியேறிய தமிழரை எண்ணுக. பனிக்காலத்து இரவில் குழாய் வெடித்துவிட்டால், வீட்டுக்காரரிடம் அவர் ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும். விளக்கு எரியவில்லை, கதவு தாழ்ப்பாள் விழவில்லை, கூரை ஒழுகுகின்றது என்று அவர் வேற்றுமொழியிற் சொல்லத் தெரியாமல் திகைப்பதுண்டு. அவருக்கு அப் படப்பாடம் கைவிளக்கு. மேலும் அவர் அகவை முதிர்ந்தவர். ஒழுகுவதும் கசிவதும் வேறென்பது அவருக்குத் தமிழில் ஏற்கெனவே தெரியும். இருக்கும் அறிவின்மேல் இன்னொரு பெயரை ஏற்றிக்கொள்கின்றார், அவ்வளவே.

மன்னார்குடியிலும் தேனியிலும் பிறந்து வளரும் நான்கு அகவைக் குழந்தை யாரிடம் போய்க் குழாய் சொட்டுவதை ஆங்கிலத்திற் சொல்லப் போகின்றது? தாய் தமிழச்சி, தந்தை தமிழர், பக்கத்து வீட்டார் தமிழர், குழாயைப் பழுதுபார்க்க வருபவரும் தமிழர். வீட்டில் நேரும் இடர்களில் எந்த ஒன்றையும் ஆங்கிலத்திற் கேட்க அங்கே ஆளில்லை. குடியேறியவரின் இன்றியமையாமைக்காக எழுந்த பாடம், தன் வீட்டில் தானிருக்கும் குழந்தையின் தலையில் ஏற்றப்படுகின்றது. விளைவு என்ன? சொந்த வீட்டிலேயே அக் குழந்தை குடியேறியாகிவிடுகின்றது.

அன்றியும், அம் முதியவருக்கு இருந்த தமிழறிவு இக் குழந்தைக்கு இன்னும் வாய்க்கவில்லை. கூரை ஒழுகக் கண்டிருக்கும். அதன் பெயரைத் தாய்வாயிற் கேளாதிருக்கும். பெயரிடப்படாத அக் காட்சியின்மேல் முதலில் வந்து உட்காரும் சொல் எதுவோ, அதுவே அதற்கு உரிமைச்சொல் ஆகிவிடும். பிற்காலத்தில் தமிழ்ச்சொல்லைக் கற்பித்தாலும், அது தேர்வுக்குரிய சொல்லாய் ஏட்டில் தங்குமேயன்றி நாவில் ஏறாது.

இரண்டே வினைகள்

கேடு பெயர்ச்சொல்லோடு நின்றிருந்தால் ஆற்றியிருக்கலாம். போர்த்துகீசியர் வழியாகச் ‘சாவி’யும் ‘சன்னலு’ம் ‘அலமாரி’யும் வந்தன, தமிழ் அதனாற் செத்துவிடவில்லையே என்று சிலர் வினவுவர். உண்மை, ஆயினும், வந்தவை பெயர்கள். சாவி அயலானதாயினும் தமிழன் அதைக்கொண்டு பூட்டினான், திறந்தான். சன்னலைச் சாத்தினான். வினை தமிழாகவே நின்றது. இன்றோ கதவை ‘லாக் பண்ணு’கின்றனர், ‘ஓப்பன் பண்ணு’கின்றனர். பூட்டும் போய்விட்டது, திறப்பும் போய்விட்டது. வந்த விருந்தாளி திண்ணையில் அமர்வது வேறு. அடுக்களையிற் புகுந்து வீட்டாரை வெளியேற்றுவது வேறு.

நீர் என்னும் ஒன்று வீட்டில் இழைக்கும் இடர்களுக்குத் தமிழில் எத்துணை வினைகள் உள்ளன என எண்ணிப் பார்க்க. கூரை ஒழுகும். குழாய் சொட்டும். மண்பானை கசியும். சுவரில் ஓதம் ஏறும். தொட்டி நிறைந்து வழியும். தூக்கிய குடம் தளும்பிச் சிந்தும். இவை வெற்று அணிகள் அல்ல. ஒழுகினால் கூரை வேய்வாரை அழைக்க வேண்டும். சொட்டினால் குழாயின் உள்வளையத்தை மாற்ற வேண்டும். ஓதம் ஏறினால் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். வழிந்தால் ஓடிப்போய் நீரை நிறுத்த வேண்டும். வினைச்சொல்லைக் கேட்ட அளவிலேயே நோயும் தெரியும், மருந்தும் தெரியும். இவையனைத்தும் இன்று ‘லீக் ஆகுது’ என்னும் ஒற்றைக் குழியில் விழுந்து கிடக்கின்றன. ஆங்கிலரிடங்கூடச் சொட்டுதற்கும் கசிதற்கும் வழிதற்கும் வேறுவேறு வினைகள் உள. அவையெல்லாம் தமிழ் வீட்டுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் மழுக்கும் ஒன்றே வந்தது.

உணவைப் பார்க்க. சோறு ஊசும், பால் திரியும், மாவு புளிக்கும், பழம் அழுகும், கீரை வாடும், ஊறுகாயிற் பூஞ்சணம் பூக்கும், பருப்பில் வண்டு விழும். தாய் ‘ஊசிவிட்டது’ என்றால் கொட்டிவிட வேண்டும். ‘புளித்துவிட்டது’ என்றால் நீர் விட்டுக் கரைத்துத் தோசை வார்க்கலாம். இன்று இரண்டும் ‘ஸ்பாயில்’. பொருள்களைப் பார்க்க. துணி கிழியும், கயிறு அறும், கண்ணாடி உடையும், பானை விரிசல் விடும், ஏனம் நசுங்கும், மரம் உளுக்கும், இரும்பு துருவேறும், காரை பெயரும், கத்தி மழுங்கும், ஏடு செல்லரிக்கும். இன்று எல்லாம் ‘டேமேஜ்’. அவற்றைச் சீர்செய்வதைப் பார்க்க. கிழிசலைத் தைப்பர், ஓட்டையை அடைப்பர், கூரையை வேய்வர், அம்மியைக் கொத்துவர், கத்தியைத் தீட்டுவர், கட்டிலுக்குக் கயிறு பின்னுவர், ஏனத்திற்கு ஈயம் பூசுவர், பொத்தல் முறத்தை மெழுகுவர். இன்று எல்லாம் ‘ரிப்பேர்’.

அந்த ‘ரிப்பேர்’ படும் பாட்டையும் காண்க. ஆங்கிலத்தில் அது சீர்செய்தலைக் குறிக்கும் சொல். தமிழ் வீட்டிலோ மின்விசிறி ஓடாவிட்டாலும் ‘ரிப்பேர்’. அதை ஓடச் செய்தாலும் ‘ரிப்பேர்’. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர்! தமிழும் போயிற்று; வந்த ஆங்கிலமும் ஆங்கிலமாய் வரவில்லை.

ஆக்டன் வகுத்த 850 சொற்களில் வினைகள் பதினாறே எனலாம். துணைவினை இரண்டைச் சேர்த்தாற் பதினெட்டு. எல்லாச் செயலையும் அவற்றைக்கொண்டே பேசிக்கொள்ளலாம் என்றார். அஃது அயலார்க்கென்று செய்த ஊன்றுகோல். ஆங்கிலர் தம் பிள்ளைகளை அக் கோலூன்றி நடக்கச் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான வினைகளையுடைய தமிழரோ, தம் பிள்ளைக்கு விட்டுச்செல்வன இரண்டே வினைகள்: ‘ஆகு’, ‘பண்ணு’. லீக் ஆகு, பிளாக் ஆகு, கட் ஆகு. கிளீன் பண்ணு, பிக்ஸ் பண்ணு, மிக்ஸ் பண்ணு. அயலானுக்கு ஆக்டன் பதினாறு கொடுத்தார்; தமிழன் தன் குழந்தைக்கு இரண்டைக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசுகின்றான்!

வினை வேர், பெயர் கிளை

வினைச்சொல் சாவது ஒரு சொல் சாவதன்று. ‘ஒழுகு’ என்னும் வினையினின்று ஒழுக்கு வந்தது, ஒழுக்கமும் வந்தது. நீர் ஒருநெறிப்பட்டு இறங்குவதைக் கண்ட தமிழன், நெறிப்பட்ட வாழ்வுக்கும் அச் சொல்லையே இட்டான். ‘கசி’ என்பது பானைக்கும் ஆம். இரங்கும் நெஞ்சுக்கும் ஆம். ‘உருகு’ என்பதினின்று உருக்கு வந்தது, உருக்கம் வந்தது, அண்மைக்காலத்தில் உருகியும் வந்தது. மின்னோட்டம் அளவு கடந்தால் தான் உருகி அறுந்து, வீட்டைத் தீயினின்று காக்கும் கம்பி அது. ‘உருகி’ என்றவுடன் அதன் வேலை முழுதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கிவிடும். ‘பியூஸ்’ என்று நூறுமுறை சொல்லினும் அப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. ஒழுகுதலை அறியாத குழந்தைக்கு ஒழுக்கம் என்பதும் வேரற்ற ஒலியாகவே கேட்கும். மொழிஞாயிறு பாவாணர் 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்து, 1981-இல் மறையுமளவும் வேர் தேடி உழைத்தார். வேரைத் தேடி அறிஞர் மண்ணைத் தோண்ட, அதே வேரை வீட்டிலுள்ளோர் பிடுங்கி எறிவதா?

மறுப்புகளுக்கு விடை

‘ஆங்கிலம் தெரிந்தால்தானே வேலை கிடைக்கும்?’ என்பர். கிடைக்கட்டும். ஆங்கிலத்தை ஆங்கிலமாக, அதன் சொற்றொடரோடும் இலக்கணத்தோடும், உரிய வகுப்பில், தேர்ந்த ஆசிரியர் வாயிலாகக் கற்பிக்க. நகைப்படம் கற்பிப்பது ஆங்கிலமன்று, ஆங்கிலப் பெயர்ப்பட்டியல். ஆக்டனே தம் 850 சொற்களில் படமாக வரையத்தக்க பொருட்பெயர் என ஒதுக்கியவை 200 தாம். எஞ்சிய 650-ஐயும் கொண்டு கருத்தைக் கோக்கும் திறமே மொழியறிவு. குழாய்க்கும் தொட்டிக்கும் ஆங்கிலப்பெயர் அறிந்ததனால் எந்தப் பிள்ளையும் எந்த நேர்காணலிலும் வென்றதில்லை.

‘கருவிகளுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் ஏது?’ என்பர். தச்சர் வாயைக் கேட்க. திருப்புளியும், குறடும், இழைப்புளியும், துரப்பணமும், அரமும், கீலும், நாதாங்கியும் அங்கே உள. நீர் போகும் வழிக்குத் தூம்பு என்னும் பெயர் பழைய ஏரிகளோடு வாழ்கின்றது. அழுக்குநீர் முற்றத்திற்கு அங்கணம் என்னும் பெயரை வள்ளுவப் பெருந்தகையே ஆண்டிருக்கின்றார். புதியனவற்றிற்குப் பேருந்து, மிதிவண்டி, மின்விசிறி எனப் பெயரிட்டுத் தமிழுலகம் ஏற்றுக்கொள்ளவில்லையா?

‘தொல்காப்பியரே அயற்சொல்லுக்கு இடந்தந்தாரே?’ என்பர் சிலர். தந்தார், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருக என்னும் வரம்பையும் உடன் வைத்தார். வரம்பை உடைத்துவிட்டு, இடந்தந்ததை மட்டும் சான்றாகக் காட்டுவது வழக்காடும் முறைமையன்று.

அடுக்களையே கோட்டை

1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தியபோது மொழிக்கலப்பு மேடையிலும் ஏட்டிலும் இருந்தது. ‘அக்கிராசனர்’ தலைமை தாங்க, ‘உபந்நியாசம்’ நிகழ்ந்தது. தேர்தலில் ‘அபேட்சகர்’ நின்றார். அன்று கற்றவர் நாவே கலங்கியிருந்தது. கல்லாத தாயின் நா தெளிந்திருந்தது. அடுக்களைதான் தமிழின் கோட்டையாய் நின்றது. அடிகளாரின் மகளார் நீலாம்பிகையார் 1937-இல் வடசொற்றமிழ் அகரவரிசையை வெளியிட்டார். தொண்டர் பலர் உழைத்தனர். அக்கிராசனர் தலைவரானார், உபந்நியாசம் சொற்பொழிவாயிற்று, அபேட்சகர் வேட்பாளரானார்.

இன்று நிலை தலைகீழாயிற்று. மேடையில் நல்ல தமிழ் முழங்குகின்றது. முழங்கியவர் வீட்டுக்குச் சென்றால் ‘டேப் லீக் ஆகுது, பிளம்பரைக் கால் பண்ணு’ என்கின்றார். வாயிலைக் காத்த தமிழர் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டுவிட்டனர்.

சட்டம் இதைக் காக்குமோ? 1956-இல் தமிழ் ஆட்சிமொழியானது. அது அலுவலகத்தைக் காப்பது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்புத் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அது பாடவேளையைக் காப்பது. தொடக்கப்பள்ளியில் தாய்மொழியே பயிற்றுமொழி எனக் கட்டாயப்படுத்த அரசுக்கு உரிமையில்லை என்று 2014-இல் கருநாடக வழக்கொன்றில் இந்திய உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, பள்ளிக்குள்ளேயே சட்டத்தின் கை கட்டுண்டிருக்கின்றது. அடுக்களைக்குள் அது நீள்வது எங்ஙனம்? அங்கே காவலிருக்க வேண்டியவர் வீட்டாரே.

செய்ய வேண்டுவது

அப் படப்பொத்தகத்தைக் கொளுத்த வேண்டுவதில்லை. அதே கட்டங்களை வரைக, அதே தந்தையார் ஏணியில் நின்று விரலை அடித்துக்கொள்ளட்டும், குழந்தை சிரிக்கட்டும். ஆனால் படத்தின் கீழே முதற் பத்தியில் தமிழ் நிற்க வேண்டும். கூரைப் படத்தின் கீழ் ‘ஒழுகுகிறது’. குழாயின் கீழ் ‘சொட்டுகிறது’. சுவரின் கீழ் ‘ஓதம் ஏறியிருக்கிறது’. தொட்டியின் கீழ் ‘வழிகிறது’. அவற்றை ஐயமறக் கற்றபின், வேண்டுவோர் இரண்டாம் பத்தியில் ஆங்கிலத்தை வைத்துக்கொள்க. கொமேனியசு 1658-இல் செய்ததற்கு மேற்பட்டதொன்றும் ஈண்டுக் கேட்கப்படவில்லை.

ஓவியம் வல்ல இளைஞர்கள் இப் பணிக்கு முன்வருக. ஆசிரியர்கள் தத்தம் ஊரிலுள்ள தச்சரிடமும் கொத்தரிடமும் கொல்லரிடமும், அகவை முதிர்ந்த பாட்டியரிடமும் சென்று, வீட்டு வினைகளைக் கேட்டு எழுதிக்கொள்க. சோழநாட்டுச் சொல்லும் பாண்டிநாட்டுச் சொல்லும் கொங்குச் சொல்லும் யாழ்ப்பாணச் சொல்லும் வேறுபடின் அனைத்தையும் எழுதுக. எல்லாம் தமிழின் செல்வமே. கேட்கத் தவறிய சொல் அம் முதியவரோடு சுடுகாடு சென்றுவிடும் என்பதை மறவற்க.

பெற்றோர்க்கோ, பொருட்செலவே இல்லாத ஒரு கடமை உண்டு. இன்றிரவே குழாய் சொட்டும். நாளைக் காலையே பால் திரியும். அந்நேரத்தில் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் காதிற் படும்படி, அந் நிகழ்வுக்குரிய தமிழ் வினையைச் சொல்லுக. ஓராயிரம் மாநாடுகள் செய்யமாட்டாத காவலை அவ் வொரு சொல் செய்யும்.

சொட்டும் குழாயை அடைக்க விரைகின்ற தமிழரே! சொட்டுச் சொட்டாய் வீட்டினின்று வெளியேறும் வினைச்சொற்களையும் கண்டுகொள்க. குழாய் கெட்டால் கடையிற் புதியது கிடைக்கும். ‘ஒழுகு’ செத்தால் அதை விற்கும் கடை எவ்வுலகத்திலும் இல்லை.